தன் அரசைக் கேட்ட ஏடுகள்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்ட நாள் 2019 நவம்பர் 26. கோமுகி ஆற்றங்கரை ஊர்களும் கல்வராயன் மலைச் சிற்றூர்களும் ஒவ்வொரு மனுவுக்கும் விழுப்புரம் வரை நடந்து தேய்ந்த காலம் அன்று முடிந்தது. மகிழத்தக்க அந்த நாளுக்கு மாறாத துயரம் ஒன்றும் உண்டு. 2008-ஆம் ஆண்டு அதே நாளின் இரவில், கராச்சியிலிருந்து கடல்வழி வந்த பத்துப் பேர் மும்பைக்குள் புகுந்து, நவம்பர் 29 காலை வரை 166 உயிர்களைப் பறித்தனர். முந்நூறு பேருக்கு மேல் காயமுற்றனர். மாவட்டத்தின் பிறந்தநாளைக் கொண்டாடும் நமக்கு அவர்களை நினைக்கும் கடமையும் உண்டு.

நினைப்பது எவ்வாறு என்பதே கேள்வி. ஒரு பெருந்தாக்குதலுக்குப் பின் ஆண்டுகள் பல கடந்த நிலையில், அயல்நாட்டு ஏடுகள் பயங்கரவாதம் பற்றி எழுதும் கருத்துகளை நாம் ஆவலோடு எடுத்துப் பார்க்கிறோம். நமக்கு இசைவாக இருந்தால் மேற்கோள் காட்டி மகிழ்கிறோம். மாறாக இருந்தால் சினம் கொள்கிறோம். இரண்டுக்கும் முன்னால் அவ்வெழுத்தின் தரத்தை எடைபோட்டுப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைவாகவே இருக்கிறது.

மும்பைத் தாக்குதல் பற்றி இத்தனை ஆண்டுகளில் உலகெங்கும் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி தொலைவிலிருந்து வழங்கப்பட்ட தீர்ப்புகளே. தாக்குதல் நடந்த நாள்களில் மேலைநாட்டு ஏடுகளின் பார்வை தாஜ் விடுதியிலும் ஓபராய் டிரைடென்டிலும் நாரிமன் இல்லத்திலும் நிலைத்து நின்றது. இருபதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் மாண்டிருந்தனர். அவர்களுள் ஆறு பேர் அமெரிக்கர். தம் மக்களுக்காக ஒரு நாடு முதலில் அழுவது இயல்பு. அதைக் குற்றமென்று எவரும் சொல்லார். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, மாண்டவர்கள் மறைந்து வரைபடம் மட்டும் எஞ்சியது. அணுகுண்டு வைத்திருக்கும் இரு அண்டை நாடுகள், அவற்றிடையே போர் மூளும் வாய்ப்பு, வல்லரசுகளின் நலன் என்ற சட்டத்துக்குள் நவம்பர் 26 அடைக்கப்பட்டது. பொறுமை காத்ததற்காகச் சிலர் இந்தியாவைப் பாராட்டினர். பொறுமை தவறியதென்று வேறு சிலர் பின்னாளில் கடிந்தனர். சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் தரையில் கிடந்தவர்கள் இவ்விரு கூட்டத்தாரின் எழுத்திலும் அரிதாகவே வந்தார்கள்.

மும்பைக்குப் பிழைக்கச் சென்ற நம்மவர் இன்றும் வி.டி. என்றே அழைக்கும் அந்த நிலையத்தில் மட்டும் 58 பேர் கொல்லப்பட்டனர். தாக்குதலின் எந்தத் தனியிடத்திலும் இத்தனை உயிர்கள் போகவில்லை. நெடுந்தொலைவு ரயிலுக்காக மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் தரையில் அமர்ந்திருந்த எளிய மக்கள் அவர்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே கலந்தே மாண்டனர். மானாவாரி நிலம் கைவிட்ட ஆண்டுகளில் கள்ளக்குறிச்சியிலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் வேலை தேடிப் புறப்படும் குடும்பங்கள் இப்படித்தான் ரயில் நிலையங்களில் இரவைக் கழிக்கின்றன. அந்த 58 பேருக்கும் முன்னரே கடலில் பலியானவர்கள் ‘குபேர்’ என்னும் மீன்பிடிப் படகின் தொழிலாளர்கள். அப்படகைப் பறித்தே கொலைகாரர்கள் மும்பைக் கரையை நெருங்கினர். தாக்குதலின் முதற்பலி மீனவர் என்ற செய்தி எத்தனை ஏடுகளில் முதற்பத்தியில் வந்தது?

இக்குறை அயலாருக்கு மட்டும் உரியதன்று. தாஜ் விடுதியை இந்தியாவின் சின்னமென்று நம் தொலைக்காட்சிகள் மூன்று நாளும் முழங்கியபோது, அது எந்த இந்தியாவின் சின்னம் என்று கேட்டவர் தமிழ் எழுத்தாளர் ஞாநி. ரயில் நிலையத்தில் மாண்டவர்களை ஊடகம் ஒதுக்கியதைச் சுட்டி அவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை, கைம்மாறிக் கைம்மாறி நாடெங்கும் நாட்டுக்கு வெளியிலும் படிக்கப்பட்டது. 2018-இல் அவர் மறைந்தார். அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் விடையில்லை.

தொலைவிலிருந்து பார்க்கப்படுவது எத்தகையது என்பதைக் கள்ளக்குறிச்சி பட்டறிந்திருக்கிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றபோது, பிபிசியும் ராய்ட்டர்ஸும் இவ்வூரின் பெயரை உலகுக்குச் சொல்லின. ஊழலாலும் பேராசையாலும் நேர்ந்த அந்தச் சாவுகளைத் திட்டமிட்ட பயங்கரவாதத்தோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. செய்தியின் போக்கைத்தான் சுட்டுகிறோம். இறந்தவரின் எண்ணிக்கை ஏறிய வரை செய்தி ஏறியது, எண்ணிக்கை நின்றதும் செய்தியும் நின்றது. இதற்கிடையே கல்வராயன் மலையே சாராயக் காடு என்ற பழிச்சொல் வெளியில் பரவியது. உயிர் குடித்ததோ தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால்; மலையில் காய்ச்சியதன்று. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்து, அதன் பின்னும் நிலப்பட்டாவுக்கும் சாலைக்கும் காத்துக் கிடக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் மேல் அந்தப் பழி விழுந்தது. செய்தி வண்டிகள் திரும்பிய பின்னரே உண்மையான வினாக்கள் எழுந்தன. அந்த மெத்தனால் எவ்வழி வந்தது? யார் கண்மூடி இருந்தனர்? அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்தும் அம்மன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. இவ்வினாக்களை எழுப்பவும் விடாமல் தொடரவும் வேண்டியவர்கள் இம்மண்ணில் இருப்பவர்களே.

மும்பைக்கும் இதுவே பொருந்தும். அயல்நாட்டு ஏடுகள் எழுதியவற்றுள் காலத்தால் அழியாத மதிப்புடையவை எவை என்று தேர்ந்தால், அவை பிறநாட்டுக்கு அறிவுரை சொன்ன தலையங்கங்கள் அல்ல. தன் நாட்டு அரசை நோக்கிக் கேள்வி எழுப்பிய எழுத்துகளே அவை. அவற்றுள் முதலிடம் பாகிஸ்தான் ஏடு ஒன்றுக்கு உரியது என்று சொல்ல நாம் தயங்க மாட்டோம்.

பிடிபட்ட ஒரே கொலைகாரன் அஜ்மல் கசாப் தங்கள் குடிமகனே அல்லன் என்று பாகிஸ்தான் அரசு மறுத்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. பஞ்சாப் மாகாணத்தின் ஒகாரா மாவட்டத்தில் உள்ள ஃபரீத்கோட் என்னும் சிற்றூருக்குச் செய்தியாளர்கள் சென்றனர். லண்டனிலிருந்து வரும் ‘அப்சர்வர்’ இதழுக்காகச் சென்றவர் அவ்வூரின் வாக்காளர் பட்டியலில் கசாப்பின் பெற்றோர் பெயரைக் கண்டெடுத்தார். 2008 டிசம்பர் 12 அன்று கராச்சியின் ‘டான்’ நாளேடு, படத்தில் இருப்பவன் தன் மகனே என்று தந்தை ஒப்புக்கொண்டதை வெளியிட்டது. ஜியோ தொலைக்காட்சியும் அவ்வூருக்குச் சென்று ஊரார் வாய்மொழியைப் பதிவு செய்து ஒளிபரப்பியது. ஏறத்தாழ நான்கு வாரம் கழித்து, கசாப் பாகிஸ்தானியன் என்று வெளிப்படையாகச் சொன்ன அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் அன்றே பதவி நீக்கப்பட்டார். உண்மைக்கு அங்கு இருந்த விலை அது. அந்த விலையை அறிந்தே ஒரு நாளேடு அதை முன்னதாக அச்சிட்டது.

ஏழாண்டுகள் கழித்து, 2015 ஆகஸ்டில், அதே ‘டான்’ இதழில் தாரிக் கோசா எழுதிய கட்டுரையை இந்தப் பொருள் பற்றி எழுதுவோர் அனைவரும் படிக்க வேண்டும். அவர் வெளியாள் அல்லர். பாகிஸ்தான் கூட்டாட்சிப் புலனாய்வு முகமையின் தலைவராக இருந்து, மும்பை வழக்கின் விசாரணையை நடத்தியவர். அக்கட்டுரையில் ஆவேசம் இல்லை. தடயங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கசாப் பாகிஸ்தானியன், அவன் இருப்பிடமும் தொடக்கப் பள்ளியும் தடைசெய்யப்பட்ட இயக்கத்தில் அவன் சேர்ந்ததும் உறுதிப்பட்டன. கொலைகாரர்கள் சிந்து மாகாணத்தின் தட்டா அருகே பயிற்சி பெற்று அங்கிருந்து கடல் வழியே அனுப்பப்பட்டனர். பயிற்சி முகாமும் கண்டறியப்பட்டது. ‘குபேர்’ படகைப் பறிக்க அவர்கள் சென்ற விசைப்படகு திரும்பக் கொண்டுவரப்பட்டு, வண்ணம் மாற்றி மறைக்கப்பட்டிருந்தது. கைவிடப்பட்ட சிறு படகின் எந்திர எண்ணைப் பின்தொடர்ந்தபோது, ஜப்பானிலிருந்து லாகூருக்கும் அங்கிருந்து கராச்சிக் கடை ஒன்றுக்கும் அது வந்து சேர்ந்த வழி தெரிந்தது. தாக்குதலை இயக்கிய அறை கராச்சியில் இருந்தது. இத்தனையும் எழுதிய பின், தன் நாடு தன் தவற்றை ஒப்புக்கொண்டு உண்மையை எதிர்கொள்ள வேண்டும் என்று அவர் வேண்டினார்.

புதுடெல்லி அளித்த ஆவணக் கோப்புகள் எவையும் உலகின் முன் பெறாத நம்பகத்தை அந்த ஒரு கட்டுரை பெற்றது என்பது நம் கணிப்பு. குற்றம் சாட்டப்பட்ட வீட்டின் உள்ளிருந்தே சாட்சி எழுந்தது. பகையாளி சொன்னதாகத் தள்ளிவிட எவராலும் இயலவில்லை.

2018 மே மாதம், அதே ஏட்டின் செய்தியாளர் சிரில் அல்மேதாவிடம் முன்னாள் பிரதமர் நவாஸ் ஷெரீப் பேசினார். ஆயுதக் குழுக்கள் எல்லை தாண்டிச் சென்று மும்பையில் நூற்றைம்பது பேரைக் கொல்ல விடலாமா, அந்த வழக்கு ஏன் இன்னும் முடியவில்லை என்ற வினாக்கள் அவர் வாயிலிருந்தே வந்தன. பேட்டி வெளியானதும் அந்நாட்டின் பல பகுதிகளில் ‘டான்’ இதழின் வினியோகம் தடுக்கப்பட்டது. அல்மேதா தேசத்துரோக மனுவுக்கு மறுமொழி சொல்ல லாகூர் உயர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு பன்னாட்டு இதழியல் கழகம் அவரைப் பத்திரிகைச் சுதந்திர வீரராக அறிவித்தது. அந்நாட்டில் இவ்வழக்கைத் தொட்டவர்களின் நிலையை அறிய மற்றொன்றும் சொல்ல வேண்டும். மும்பை வழக்கின் அரசுத் தரப்பு வழக்கறிஞர் சவுத்ரி சுல்ஃபிகார் அலி 2013 மே 3 அன்று இஸ்லாமாபாத் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகும் அங்கே எழுதியவர்கள் இருந்தார்கள்.

அமெரிக்க ஏடுகளின் தலையங்கங்களைக் காட்டிலும் அவற்றின் புலனாய்வுகள் உயர்ந்தவை. மும்பையை வேவு பார்த்த டேவிட் ஹெட்லி, அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமைக்குத் தகவல் தந்துவந்தவன். அவனைப் பற்றி அவன் மனைவியரே அமெரிக்க அதிகாரிகளிடம் எச்சரித்திருந்ததை 2010-இல் ‘புரோபப்ளிகா’ வெளிக்கொணர்ந்தது. 2014 டிசம்பரில் அவ்வமைப்பும் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஏடும் ‘ஃபிரண்ட்லைன்’ தொலைக்காட்சியும் இணைந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது. தாக்குதலின் தொழில்நுட்பப் பொறுப்பாளனான சரார் ஷாவின் கணினிப் பயன்பாட்டைப் பிரிட்டிஷ் உளவுத்துறை தாக்குதலுக்கு முன்பிருந்தே கண்காணித்தது. இந்திய அமைப்பு ஒன்றும் அவனைக் கண்காணித்தது. அமெரிக்காவிடம் வேறு தகவல்கள் இருந்தன. மூவர் கையிலும் இருந்த துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை. தம் நாட்டு உளவுத்துறையின் தவற்றைத் தோண்டி எடுத்த அச்செய்தியாளர்களுக்கு, மாண்டவர்களின் குடும்பங்கள் சார்பில் நாம் நன்றி கூற வேண்டும். ஹெட்லியின் அடுத்த குறி கோபன்ஹேகனில் இருந்த ‘ஜில்லாண்ட்ஸ் போஸ்டன்’ நாளேட்டின் அலுவலகம் என்பதையும் இங்கே குறிப்பிடுகிறோம். பயங்கரவாதம் செய்தியாளனைப் பார்வையாளனாக விட்டுவைப்பதில்லை.

இவ்வாறு சலித்தெடுத்துப் பார்க்க மறுத்து, அயல் ஏடுகளை நற்சான்று வழங்கும் மன்றமாகவோ பகைவர் படையாகவோ கருதும் மனப்போக்கு நம்மிடையே வளர்ந்துவருகிறது. பஹல்காமில் 2025 ஏப்ரல் 22 அன்று 26 பேர் கொல்லப்பட்ட பின்பு, கொலைகாரர்களைப் பயங்கரவாதிகள் என்று எழுதாத அயல்நாட்டு ஏடுகள்மேல் கடுஞ்சினம் எழுந்தது. அச்சினத்தில் நியாயம் உண்டு. மதத்தைக் கேட்டறிந்து சுடுபவனுக்கு உரிய பெயரைச் சொல்லக் கூசும் நடுநிலையால் கொலையுண்டவனுக்குப் பயனில்லை. எனினும் பெயரை மாற்றி எழுதச் செய்வதோடு நம் வேலை முடிந்தது என்று எண்ணினால், ஏமாறுவோர் நாமே. ‘டான்’ இதழில் கோசா நமக்குத் தந்தவை தடயங்கள். ஒரு நீதிமன்றத்தில் நிற்கக் கூடியவை அவைதாம்.

அவர்களுக்கு வைத்த அளவுகோலை நமக்கும் வைத்துப் பார்ப்போம். ஹெட்லி 2006 முதல் 2008 வரை பலமுறை இந்தியாவுக்குள் வந்து சென்றான். தாக்குதலுக்குப் பின் 2009 மார்ச்சிலும் வந்தான். ஒவ்வொரு முறையும் இந்திய விசா அவன் கடவுச்சீட்டில் இருந்தது. சிகாகோவில் அவன் பிடிபட்டது அவ்வாண்டு அக்டோபரில், அமெரிக்கர் கையில். கடலோரக் காவலின் ஓட்டைகளும் காவலர்க்குத் தரப்பட்ட பழைய துப்பாக்கிகளும் குறித்து மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழு 2009-இல் அறிக்கை தந்தது. வெறுங்கையோடு கசாப்பின் துப்பாக்கி முனையைப் பற்றி உயிர்நீத்த மும்பைக் காவல்துறையின் துக்காராம் ஓம்ப்ளேவை நாம் போற்றுகிறோம். அவர் ஏன் வெறுங்கையோடு நின்றார் என்று கேட்பது அவருக்குச் செய்யும் குறைவன்று. போற்றுதல் ஆண்டுதோறும் நடக்கிறது, கேட்பது ஓய்ந்துவிட்டது.

தமிழகத்திலும் இதே மறதி உண்டு. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் வெடித்த குண்டுகள் 58 பேரைக் கொன்றன. அல் உம்மா இயக்கத்தின் அக்கொடுஞ்செயலுக்கு எக்காரணமும் நியாயமாகாது. நீதிமன்றங்கள் தண்டனையும் வழங்கின. அதற்கு இரண்டரை மாதம் முன்பு, காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். நீதிபதி கோகுலகிருஷ்ணன் ஆணையம் இரு நிகழ்வுகளையும் விசாரித்தது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் வெளிவரும் நினைவுக் கட்டுரைகளில் 58 பேருக்கு இடமிருக்கிறது, இருக்கவும் வேண்டும். செல்வராஜும் அந்தப் பதினெட்டுப் பேரும் அக்கட்டுரைகளில் ஒரு வரி பெறுவதும் அரிது. கராச்சியின் ஏடு ஃபரீத்கோட்டுக்குப் போனதை மெச்சும் தமிழ் இதழ்கள் கோவை உக்கடத்துக்கு எத்தனை முறை போயின என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வேட்டையும் அக்கேள்விக்குள் சேர்த்தே சொல்கிறோம்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. ஹெட்லியின் நண்பனும் மும்பையில் அவன் தங்குவதற்கு அலுவலகப் போர்வை அளித்தவனுமான தஹாவூர் ராணா, அமெரிக்க நீதிமன்றங்களில் நெடுநாள் நடந்த வழக்குக்குப் பின் 2025 ஏப்ரல் 10 அன்று இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டான். இச்சதியின் உள்வட்டத்தைத் தொட்டறியத்தக்க விசாரணை ஒன்று நம் மண்ணில் நடக்கப் போகிறது. லாகூரிலும் கராச்சியிலும் இருந்து ஆணையிட்டவர்களின் பெயர்கள் அதில் வெளிவரலாம். விசா வழங்கிய மேசைகளின் கவனக்குறைவும் அதில் வெளிவரலாம். பாதுகாப்புக் கருதி மறைக்க வேண்டியவை போக எஞ்சிய அனைத்தும் திறந்த மன்றத்தில் நடைபெற வேண்டும். வெளியாகும் குற்றப்பத்திரிகையும் சாட்சியமும் தீர்ப்பும் முழுமையாக மக்களுக்குக் கிடைக்க வேண்டும்.

தமிழ் நாளேடுகளுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. இவ்விசாரணைக்கென்று தனிச் செய்தியாளரை டெல்லிக்கு அனுப்புங்கள். முதல் நாள் மட்டும் முதற்பக்கத்தில் இட்டுவிட்டு, மறுநாள் முதல் முகமைச் செய்தியின் நான்கு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். சாட்சிக் கூண்டில் சொல்லப்படுவது நம் அதிகாரிகளுக்குப் பழி சேர்ப்பதாயினும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் காலைப் பேருந்தில் வந்திறங்கும் தமிழ் நாளேட்டில், அந்த 58 பேரின் வழக்கில் நேற்று என்ன நடந்தது என்பதை, மன்றத்தில் அமர்ந்து கேட்ட நம் செய்தியாளரின் எழுத்தில் மலையூர் ஆசிரியர் ஒருவர் படித்தறிய வேண்டும். வெளிநாட்டு ஏடுகள் இவ்வழக்கை எப்படி எழுதும் என்ற கவலை அதற்குப் பின்னர் இருக்கட்டும்.